ஆறாம் தேதி எடுத்த முந்நூறு

“ஹலோ... ஹலோ... ஆமா மேடம், லைன்லதான் இருக்கேன்... இல்ல இல்ல, வச்சிடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்... நீங்க நாலாவது ஆளு மேடம். முதல்ல ஒருத்தர்கிட்ட சொன்னேன், அவரு இன்னொருத்தர்கிட்ட தள்ளி விட்டாரு, அவரு ஒரு அம்மாகிட்ட தள்ளி விட்டாரு, அந்தம்மா பாட்டப் போட்டுட்டுப் போனவங்க போனவங்கதான்... ஆமா... ஆமா, லெட்டர் கையிலதான் இருக்கு... படிக்கவா?... ‘அன்புள்ள வாடிக்கையாளரே’ன்னு ஆரம்பிக்குது. அன்பெல்லாம் முதல் வரியோட சரி. ரெண்டாவது வரியிலயே எழுநூத்தம்பது கேக்கறீங்க...”

லிஃப்ட்காரர் தன் வீட்டுச் சமையலறை மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தார். காலை பத்து மணி. அரை நாள் விடுப்பு போட்டிருந்தார். லிஃப்ட் ரிப்பேர் செய்யும் கம்பெனியில் இருபத்தாறு வருஷமாக வேலை பார்க்கிறவர், சம்பளப் பாக்கிக்காகக்கூட யாருக்கும் போன் போட்டு மல்லுக்கு நின்றதில்லை. இன்று நின்றதற்குக் காரணம் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது.

அவர் மனைவிதான். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். வேலைக்குப் போடும் நீல மேலங்கியோடு, பாஸ்புக்கை மேஜையில் விரித்து, கையில் பேனாவைப் பிடித்துக்கொண்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பார்த்தாள். ஸ்பீக்கர் போன மாதமே போய்விட்டது என்று சொல்லிவிட்டார். அது இன்று காலைகூட நன்றாகத்தான் இருந்தது.

“பேரா?... ரெண்டு பேரும் லெட்டர்லயே இருக்கே மேடம். முதல் பேரு பையன், ரெண்டாவது நான்... ஆமா, கூட்டுக் கணக்கு. அவன் பள்ளிக்கூடம் படிக்கறப்ப ஆரம்பிச்சது. மைனர்ங்கறதால என்னையும் சேத்துக்கிட்டாங்க... பிறந்த தேதியா? என்னோடதா?... பையனோடதா. மார்ச்சு பதினேழு... இரும்மா, நான்தான் சொல்றேன்ல... ஐயோ, உங்கள இல்ல மேடம், வீட்ல... விடிகாலை நாலு பத்துக்குப் பொறந்தான்னு சொல்லச் சொல்றா... நேரமெல்லாம் கேக்கலம்மா, அவங்க பாங்கு நடத்தறாங்களா பிரசவ வார்டு நடத்தறாங்களா?... சாரி மேடம்... சரியா இருக்கா? சரி, சரி.”

கேள்வியெல்லாம் முடிந்தது. இனி விஷயத்துக்கு வர வேண்டியதுதான். அவர் கடிதத்தை நேராக்கி முன்னால் வைத்துக்கொண்டார்.

“விஷயம் இதுதான் மேடம். போன மாசம் ஆறாம் தேதி மெஷின்ல முந்நூறு எடுத்திருக்கு. அன்னிக்குக் கணக்குல இருந்தது நாப்பது. நாப்பது இருக்கற இடத்துல முந்நூற எடுத்து நீட்டினது யாரு? உங்க மெஷின். இல்லன்னு சொல்லியிருந்தா பேசாம திரும்பிப் போயிருப்பான்ல?... ஆமா... என்னது? மிகைப்பற்றா?... ஓ, ஓவர்டிராஃப்ட்டா. அத நாங்க கேக்கவே இல்லையே... நானா? நான் எப்ப கையெழுத்துப் போட்டேன்?... ஃபாரத்துலயா... அந்தப் பொடி எழுத்த எறும்புதான் மேடம் படிக்கும்... சரி... சரி, சிரிக்காதீங்க... இல்ல, பரவாயில்ல, சிரிங்க...”

எதிரில் இருந்தவள் சிரிக்கவில்லை. பேனா முனையால் பாஸ்புக்கில் ஒரு வரியைக் குத்திக் காட்டினாள். ஆறாம் தேதி, எடுத்தது முந்நூறு. பிள்ளை பசியோடு வந்து முந்நூறு எடுத்ததற்கு எழுநூற்றைம்பது அபராதமா, இவர்கள் எல்லாம் பிள்ளை பெறவில்லையா என்று நேற்றிலிருந்து அவள் கேட்காத ஆளில்லை.

அந்த முந்நூறை எடுத்தது யார் என்று இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஆள்தான் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

கதையை முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்கு அந்த மனுஷனின் அவஸ்தை புரியும். அவர்களுக்கு ஒரே பையன். கண்ணாடி அவ்வளவு கனம் என்பதால் தெருவே அவனைச் சோடா என்றுதான் கூப்பிடும். வீட்டிலும் அதுதான் நிலைத்துவிட்டது. இருபத்திரண்டு வயதில், மூன்றரை வருஷத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை விடிகாலை அவன் வீட்டை விட்டுப் போனான். முதல் நாள் சாயங்காலம் அப்பனுக்கும் மகனுக்கும் வாய்த்தகராறு. படிப்பையும் பாதியில் விட்டாய், வேலையும் நிலைக்கவில்லை, நீ இருந்து யாருக்கு என்ன லாபம் என்று கேட்டுவிட்டார். எல்லா அப்பனும் ஒரு நாள் கேட்கிற கேள்விதான். சோடா தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுக்கப் போனான்.

விடிந்ததும் முதலில் எழுந்தது லிஃப்ட்காரர். இதே மேஜை மேல் பையனின் போனும் அவனுடைய பாங்க் கார்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஊரை விட்டுப் போகிறவன் கார்டை எடுத்துக்கொண்டு போவான். வைத்துவிட்டுப் போகிறவன் எங்கே போவான்? இந்தக் கேள்வி பெற்றவள் தலையில் ஏறிவிட்டால் அவள் பிழைக்க மாட்டாள் என்று, போனை மட்டும் மேஜையில் விட்டுவிட்டுக் கார்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவர் செய்தது அவ்வளவுதான். அப்போது அது நல்ல காரியமாகத்தான் தோன்றியது.

கார்டு வீட்டில் இல்லை என்றால் பிள்ளை கையில் இருக்கிறது என்று அவள் நினைத்தாள். வேறு எப்படி நினைப்பாள்? சம்பளம் வாங்கும் ஐந்தாம் தேதி நேராக பாங்குக்குப் போய், கவுண்ட்டரில் இருநூறு கட்டிவிட்டு வருவாள். எங்கேயாவது பசியோடு நின்றால் எடுத்துக்கொள்ளட்டும் என்று. நாலு மாதம் அந்தப் பணம் அப்படியே கிடந்தது. பாஸ்புக்கில் போட்டது மட்டும்தான் இருந்தது, எடுத்தது இல்லை. அவள் சாப்பாட்டைக் குறைத்து, பேச்சைக் குறைத்து, பாதி ஆளாகிவிட்டாள்.

ஐந்தாம் மாதம் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து அவருக்கு மட்டும் ஒரு தகவல் வந்தது. இரண்டு ஊர் தள்ளி ஆற்றோரம் ஒரு பிணம் ஒதுங்கியிருக்கிறது, இருபது இருபத்திரண்டு வயதிருக்கும், வந்து பார். கையில் சல்லிக்காசு இல்லை. அவளிடம் என்ன சொல்லிக் கேட்பது? பாக்கெட்டில் கார்டு இருந்தது. நாலு எண்ணும் தெரியும். கணக்கு ஆரம்பித்த நாளில் அவர்தான் அடித்துக் காட்டினார். கணக்கில் சேர்ந்திருந்ததை எல்லாம் எடுத்து பஸ் ஏறிப் போனார். பிணவறையில் துணியை விலக்கிக் காட்டினார்கள். அது சோடா இல்லை. யார் வீட்டுப் பிள்ளையோ. வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். சந்தோஷத்திலா துக்கத்திலா என்று இன்று வரை அவருக்கே தெரியாது.

இரண்டு நாள் கழித்து வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால், அவள் வாசலிலேயே பாஸ்புக்கோடு நிற்கிறாள். எடுத்திருக்கான், எடுத்திருக்கான் என்று அவர் சட்டையைப் பிடித்து உலுக்குகிறாள். அன்றைக்குத் தலை வாரிக்கொண்டாள். இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அதைப் பார்த்த பிறகு வாயைத் திறக்க அந்த மனுஷனுக்கு எங்கிருந்து தைரியம் வரும்?

அன்றிலிருந்து மாதா மாதம் அவள் ஐந்தாம் தேதி போடுவாள், இவர் ஆறாம் தேதி எடுப்பார். வேலைக்குப் போகும் வழியில், பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் மெஷினில். முழுசாக எடுத்துவிடுகிறானே, போதவில்லை போலிருக்கிறது என்று அவள் இருநூறை முந்நூறாக்கினாள். கார்டைச் சொருகியதும் திரையில் ‘வணக்கம்’ என்று போட்டு அதன் கீழே பையனின் முழுப் பெயரும் வரும். அந்த ஊரில் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட மிச்சமிருந்தது அந்த மெஷின் ஒன்றுதான். ஒவ்வொரு மாதமும் அவர் பின்னால் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்வார், யாரோ வரிசையில் நிற்கிற மாதிரி. யாரும் இருக்க மாட்டார்கள். எடுத்த பணத்தை அவர் தொடவில்லை என்று சொன்னால் பொய். அவளுடைய இரத்த அழுத்த மாத்திரைக்கே பாதி போய்விடும்.

போன மாதம் சலவைக்கூடத்துக் காண்ட்ராக்டர் சம்பளத்தை மூன்று நாள் தள்ளிப் போட்டுவிட்டான். அவள் எட்டாம் தேதிதான் பணம் கட்டினாள். பிள்ளைக்குப் போட வேண்டியதைத் தள்ளிப் போட்டோமே என்ற வெட்கத்தில் புருஷனிடம் சொல்லவில்லை. இவர் வழக்கம்போல ஆறாம் தேதி போய் எண்ணை அடித்தார், மெஷினும் ஏமாந்து கொடுத்துவிட்டது. வந்தது வினை. வீட்டு விலாசத்துக்கு, இரண்டு பேர் பெயரையும் போட்டு, கடிதம்.

“ஆமா மேடம், கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்... ஆமா... சரி, எதுக்கு வம்பு? அந்த எழுநூத்தம்பத நான் கட்டிடறேன். இதோட விட்டுடலாம்...”

மேஜையில் ஓர் அடி விழுந்தது. தம்ளர் துள்ளி நின்றது.

“...இல்ல மேடம், கட்டறதா இல்ல. வீட்ல ஒத்துக்க மாட்டேங்கறாங்க... அநியாயம்னு சொல்றா. நானும் அதேதான் சொல்றேன்... எட்டாம் தேதியே அம்மாக்காரி பணம் கட்டிட்டா மேடம். நடுவுல ரெண்டே நாள். ரெண்டு நாளைக்கு இவ்வளவா?... ஆமா... பத்து வருஷமா ஒரு தடவகூட இப்படி ஆனதில்ல, பாத்துக்கங்க... பாக்கறீங்களா? பாருங்க, பாருங்க... இருக்கேன்.”

கீபோர்டு தட்டும் சத்தம் காதில் கேட்டது. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் போன் செய்தால், பயப்படாதீங்க, பொத்தானை அழுத்தாதீங்க, இதோ வந்துக்கிட்டே இருக்கேன் என்று சொல்லிச் சொல்லி அவருக்குப் பழக்கம். ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பார். இன்று அவருக்குச் சொல்ல ஒரு ஆளில்லை.

“ஹலோ... ஆமா... அப்படியா? நிஜமாவா மேடம்?... ஒரு தடவைக்கு மட்டும் தள்ளுபடியா... ஆஹா, மகராசியா இருங்க... முழு எழுநூத்தம்பதுமா?... ரொம்ப நன்றி மேடம், ரொம்ப ரொம்ப நன்றி. அப்ப நான் வச்சிட...”

கட்டைவிரல் சிவப்புப் பொத்தானுக்கு ஓடியது. அதற்குள் அவள் கை அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டது. இஸ்திரிப்பெட்டி பிடித்த கை, சாமானியமாக விடாது. பாஸ்புக்கில் அதே வரியில், தொகைக்குப் பக்கத்தில் இருந்த மெஷின் எண்ணைப் பேனாவால் வட்டமிட்டுக் காட்டினாள். மூன்று வருஷமாக அவள் பாங்கில் கெஞ்சிப் பார்த்துவிட்டாள், இந்த எண் எந்த ஊர், எந்தத் தெரு என்று. கணக்கு உங்கள் பெயரில் இல்லை, சொல்லக் கூடாது என்று துரத்திவிட்டார்கள். வீட்டில் இவரும், எனக்கும் சொல்ல மாட்டார்களாம் என்று கதை விட்டுக்கொண்டே வந்தார். இப்போது பாங்கே லைனில் இருக்கிறது. பெயரும் இவர் பெயர்.

“...ஒரு நிமிஷம் மேடம். ஒரு சின்ன விஷயம்... ஒண்ணுமில்ல, அந்த முந்நூறு எடுத்த மெஷின்... அது எங்க இருக்குன்னு... இல்ல, தெரியலன்னா விட்டுடுங்க, ஒண்ணும் அவசரமில்ல...”

அந்தம்மாவுக்குத் தெரியாமலா இருக்கும்? ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். தெருப் பெயர், பஸ் நிறுத்தம், எதிரே இருக்கும் மருந்துக்கடை வரைக்கும். இவர்கள் வீட்டு வாசலில் நின்று எட்டிப் பார்த்தால் அந்த மருந்துக்கடையின் பெயர்ப்பலகை தெரியும்.

“...ஓகோ... சரி... சரி மேடம்... என்னது? அவங்களுக்கே தெரியலையாம்மா. கம்ப்யூட்டர்ல வரலையாம்... இல்ல மேடம், உங்கள இல்ல... ஆமா, நீங்க சொன்னீங்க. கேட்டுச்சு. நல்லாவே கேட்டுச்சு... அவ வேற ஒண்ணு கேட்டா, அதுக்குச் சொன்னேன்...”

அவள் நம்பவில்லை. தெரியாததைச் சொல்ல அவ்வளவு நேரமா என்று கேட்டாள். போனைத் தன்னிடம் கொடுக்கச் சொல்லிக் கையை நீட்டினாள். அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்து சுவரில் முட்டினார். அதே நேரம் காதுக்குள் அந்தப் பெண்ணின் குரல் மாறியது. சிரித்துக்கொண்டிருந்தவள் இப்போது ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசினாள்.

“ஆமா... இல்ல... கார்டு அவன்கிட்டதான் மேடம் இருக்கு. கணக்கு அவனோடது, அவன்கிட்டதானே இருக்கணும்?... நான் எதுக்கு எடம் கேட்டேன்னா... சும்மாதான் கேட்டேன்... பேசச் சொல்லணுமா? அவனயா?... அவன் இப்ப... வெளிய போயிருக்கான்... எப்ப வருவான்னு... அது... சொல்ல முடியாது மேடம்... நம்பரா? அவனுக்கு நம்பர் இல்ல... போன் வச்சுக்கறதில்ல...”

விழி பிதுங்கிவிட்டது. வாய் ஒன்றைச் சொல்ல, அதை மறைக்க இன்னொன்றைச் சொல்ல வேண்டியிருந்தது. காலேஜ் படித்த பெண், தினம் நூறு பேர் பொய்யைக் கேட்கிறவள், விடுவாளா?

“இல்ல மேடம், திருட்டெல்லாம் இல்ல... ஐயோ, வேண்டாம் மேடம்! கார்ட நிறுத்தாதீங்க! கார்ட மட்டும் நிறுத்தாதீங்க மேடம், உங்க கால்ல விழறேன்...”

இதைக் கேட்டதும் அவர் மனைவி எழுந்துவிட்டாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. நிறுத்திவிட்டால் பிள்ளை எதை வைத்துச் சாப்பிடுவான், இந்த மாதம் வந்து எண்ணை அடித்தால் அம்மா கைவிட்டுவிட்டாள் என்றல்லவா நினைப்பான் என்று பதறினாள். இது வரை அவள் குரல் இவ்வளவு உரக்க அந்த வீட்டில் கேட்டதில்லை.

“இரும்மா, அதத்தான் பேசிக்கிட்டிருக்கேன், கத்தாத... மேடம், கேளுங்க. விசாரணையெல்லாம் எதுக்கு? நீங்கதான் தள்ளுபடி பண்ணிட்டீங்களே... ஆமா... ஆமா... கேமராவா?... மெஷின்லயா?... யாரு எடுத்தாங்கன்னு முகம் தெரியுமா...”

வாயை மூடிக்கொள்வதற்குள் சொல் வெளியே போய்விட்டது.

அவள் ‘முகம்’ என்று ஒரு தரம் தனக்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அப்புறம் அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை அவர் கல்யாணமான புதிதில் பார்த்தது. வா, இப்போதே போகலாம், எந்த பாங்க், எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டே மேலங்கியின் கசங்கலைக் கையால் நீவிவிட்டாள், படத்தில் அவன் தன்னைப் பார்க்கப் போகிற மாதிரி. பிறகு மேஜை மேல் குனிந்து, குரலைத் தாழ்த்தி, அந்தம்மாவிடம் ஒன்றே ஒன்று மட்டும் கேட்கச் சொன்னாள்.

அவர் கேட்க மாட்டேன் என்று தலையாட்டினார். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். பெண்டாட்டி கும்பிட்டு நிற்பதை எந்தப் புருஷன் பார்த்துக்கொண்டிருப்பான்?

“மேடம்... அந்தப் படம்... அது இப்ப உங்க முன்னாடி இருக்கா?... இல்லையா. சரி... ஒண்ணுமில்ல... அவங்கம்மா கேக்கறா... பையன் இளைச்சிருக்கானான்னு... கண்ணாடி போட்டிருக்கானா, அது ஒடஞ்சு கிடஞ்சு இருக்கான்னு... பாத்தா கொஞ்சம் சொல்ல முடியுமான்னு...”

அந்தப் பக்கம் கீபோர்டு நின்றுவிட்டது.

பாங்கில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்ப்பதை அவர் நினைத்துப் பார்த்தார். இவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பாள். யாரோ ஒரு ஆபீசர் திரையைத் திருப்பிக் காட்டுவான். திரையில் வழுக்கைத் தலையும் கம்பெனிச் சட்டையுமாக இவர் நிற்பார், பின்னால் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார். அத்தனை பேர் நடுவில் அதை அவள் பார்க்க வேண்டுமா? அதைவிட இந்தச் சமையலறை தேவலை என்று பட்டது. ஆனால் அவள் கண்ணைப் பார்த்துச் சொல்ல அவரால் ஆகவில்லை. கடிதத்தைப் பார்த்துக்கொண்டு போனில் சொன்னார்.

“மேடம்... கேமராவெல்லாம் பாக்க வேண்டாம். தேட வேண்டாம்... நான்தான் எடுத்தேன்... ஆமா, நான்தான். ஆறாம் தேதி, காலைல ஏழே கால் மணிக்கு... பதிவாகுதா? ஆகட்டும்... அந்த ஒண்ணு மட்டுமில்ல மேடம். எல்லாமே நான்தான். மூணு வருஷமா, மாசா மாசம்... கார்டு என்கிட்டதான் இருக்கு. என் டூல்ஸ் பையில, அடியில... இல்ல, அவன் குடுக்கல. அவன் மேஜை மேலயே வச்சிட்டுப் போயிட்டான்... போன அன்னிக்கே... இல்ல, அவ அத பாக்கல. நான் பாக்க விடல... திருடணும்னு இல்ல மேடம். பாஸ்புக்குல எடுத்ததுன்னு ஒரு வரி வந்தா அவ சாப்பிடுவா. அதுக்குத்தான்... அவ்வளவுதான் மேடம். வேற ஒண்ணுமில்ல...”

சொல்லி முடித்துவிட்டார். தலையைத் தூக்கவில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் வரும், அடி விழும், எது வந்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று கழுத்தைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். ஒன்றும் வரவில்லை. அந்தப் பெண்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள். அவளுக்கும் பாவம் நிரப்ப வேண்டிய ஃபாரம் இருக்கிறது.

“ஆமா... ஆமா... தள்ளுபடி கிடையாதா? சரி, நியாயம்தான், போட்டுக்கங்க... கார்டு நிறுத்தியாச்சா... சரி... கேளுங்க... போலீஸ்ல எழுதிக் குடுத்தது இருக்கு. மூணரை வருஷம் ஆச்சு... இல்ல, ஒரு தகவலும் இல்ல... என்னது?... சரியா கேக்கல மேடம்... கணக்குக்காரர்... உயிரோட...”

ஆம் என்று ஒரு கட்டம், இல்லை என்று ஒரு கட்டம் இருக்கும் போலிருக்கிறது. அந்தப் பெண் பொறுமையாக இன்னொரு தரம் கேட்டாள். அவர் போனைக் காதில் வைத்தபடி உதட்டை அசைத்தார், சத்தம் எழும்பவில்லை.

அப்போதுதான் அவள் மேஜையைச் சுற்றி வந்தாள். அவர் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிப் போனை எடுத்துத் தன் காதில் வைத்துக்கொண்டாள்.

“ஹலோ... நான் அவன் அம்மா பேசறேன்... இருக்கான் மேடம். உயிரோடதான் இருக்கான். அப்படியே போட்டுக்கங்க... ஆமா... ஆமா... இவரு சொன்னத எழுதிட்டீங்களா?... அத அடிச்சிடுங்க. இவரு பொய் சொல்றாரு. லிஃப்ட்டத் தவிர வேற ஒரு மெஷினும் இவருக்கு ஓட்டத் தெரியாது, இவரு எங்க போய் எடுக்கறது... புள்ள பேருல அபராதம் வந்துடக் கூடாதுன்னு தான் தலையில போட்டுக்கறாரு... அப்பன்தானே... அந்த எழுநூத்தம்பத நான் கட்டிடறேன் மேடம். ஆமா, முழுசா... எடுக்கறது அவன்தான். மாசா மாசம் எடுப்பான். இந்த மாசமும் எடுப்பான்...”

பேசிக்கொண்டே அவள் கண் அவரைப் பார்த்தது. அவர் இப்போதுதான் தலையைத் தூக்கினார்.

“என்னது?... ஓ, நிறுத்தினது நிறுத்தினதுதானா... அப்ப புதுசா ஒண்ணு தருவீங்களா?... சரி... சரி... எந்த விலாசத்துக்கா?... இந்த விலாசத்துக்கே அனுப்பிடுங்க மேடம்... ஆமா, எங்க வீட்டுக்குத்தான்... அவன் வந்து வாங்க வேண்டாம். அவங்க அப்பா வாங்கிப்பாரு... அவரு வாயாலயே சொல்லணுமா? இருங்க, குடுக்கறேன்.”

போனை அவரிடம் நீட்டினாள். அவர் வாங்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் போனை அவர் காதிலேயே வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

“ஹலோ... ஆமா மேடம், நான்தான்... ஆமா... ரெண்டாவது பேருக்காரர்... ஆமா, ஒத்துக்கறேன்... வாங்கிக்கறேன்...”

அவள் குனிந்து அவரிடம் ஒன்று கேட்கச் சொன்னாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் காத்திருந்தாள்.

“மேடம்... வச்சிடாதீங்க, ஒரே ஒரு விஷயம்... அந்தக் கார்டு... ஆறாம் தேதிக்குள்ள வந்துடுமா?... சரி... சரி மேடம். வச்சிடறேன்.”